முன்னாள் ஆளுநரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி? பாத்திமா பீவியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

தமிழ்நாடு அரசின் அரசாணை ஒன்றைக் கையில் எடுத்து அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற இரண்டு சொற்களும், அவற்றுக்குக் கீழே துறைச் செயலாளரின் பெயரும் இருக்கும். கிராமத்துப் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை கட்ட நிதி ஒதுக்கும் ஆணையிலும் அவ்வாறே இருக்கும். கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டத்துக்கான ஆணையிலும் அவ்வாறே இருக்கும். அந்த ஆணைகளில் பெரும்பாலானவற்றை ஆளுநர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அரசின் நிர்வாகச் செயல்கள் அனைத்தும் ஆளுநரின் பெயரால் நடைபெற வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 166ஆம் பிரிவு கூறுவதால் அந்த இரண்டு சொற்கள் அங்கே இடம்பெறுகின்றன.

முன்னாள் ஆளுநர் ஒருவரைப் பற்றி விழா மலருக்கோ, கல்லூரி இதழுக்கோ, கலைக்களஞ்சியத்துக்கோ எழுத உட்காருபவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலருக்காக முன்னாள் ஆளுநர் ஒருவரைப் பற்றிய கட்டுரையில், ‘அவர் தம் பதவிக் காலத்தில் பல நலத்திட்டங்களைக் கொண்டுவந்தார்’ என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புத் திருத்தியவர் தலைமைச் செயலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில், ‘கொண்டுவந்தது அமைச்சரவை, இவர் கையெழுத்துப் போட்டார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஆளுநர்களைப் பற்றிய எந்தக் குறிப்பை எழுதினாலும், ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் ‘இது யாருடைய முடிவு?’ என்று பென்சிலால் ஒரு கேள்வியைக் குறித்துக்கொண்ட பிறகே மேலே செல்கிறேன்.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டாக, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்த நீதிபதி பாத்திமா பீவியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு ஆளுநர் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். அவருடைய நாலரை ஆண்டுப் பதவிக் காலத்தில் அந்தப் பென்சில் கேள்வி மூன்று முறை உரக்க எழுந்தது. அவற்றுள் இரண்டு முறை அதற்கு விடை சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்தையே வந்தடைந்தது.

பெயரும் தேதிகளும்

முதலில் பெயரை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். பாத்திமா பீவி, ஃபாத்திமா பீவி, பாத்திமா பீபி என்று தமிழ் இதழ்களிலேயே பலவிதமாக அச்சாகியிருக்கிறது. தேடும்போது எல்லா வடிவங்களையும் தேட வேண்டும். எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரை அதையே பயன்படுத்த வேண்டும். பெயருக்கு முன்னால் வரும் ‘எம்.’ என்பது அவருடைய தந்தை மீரா சாகிபைக் குறிக்கும்.

அடுத்து, தேதிகளை மட்டும் கொண்ட ஒரு பட்டியலைத் தனித்தாளில் தயாரித்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டியதில்லை. உங்களுக்கான சாரக்கட்டு அது. பாத்திமா பீவி 1927 ஏப்ரல் 30 அன்று, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பத்தனம்திட்டாவில் பிறந்தார். 1950 நவம்பர் 14 அன்று வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1958இல் முன்சீப், 1968இல் சார்பு நீதிபதி, 1972இல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974இல் மாவட்ட அமர்வு நீதிபதி, 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் நீதித்துறை உறுப்பினர், 1983 ஆகஸ்ட் 4 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1989 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி எனப் படிப்படியாக உயர்ந்தார்.

இந்தத் தேதிகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் திறம் கொண்டவை. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. பாத்திமா பீவி உயர் நீதிமன்றத்திலிருந்து 1989 ஏப்ரல் 29 அன்றும், உச்ச நீதிமன்றத்திலிருந்து 1992 ஏப்ரல் 29 அன்றும் ஓய்வு பெற்றார். இரண்டும் ஏப்ரல் 30 என்ற பிறந்த நாளோடு பிசிறில்லாமல் பொருந்துகின்றன. வேறொரு பிறந்த தேதியை யாராவது எழுதியிருந்தால், இந்தக் கணக்கை வைத்தே அதைத் தள்ளிவிடலாம்.

பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். அவர் உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றதற்கும் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்ததற்கும் இடையே ஐந்து மாதங்களுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதாவது, ஓய்வு பெற்று வீட்டுக்குச் சென்றுவிட்ட ஒருவரை அழைத்துத்தான் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக ஆக்கினார்கள். ‘உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் பதவி உயர்வு பெற்றார்’ என்று வழக்கமான வாசகத்தை எழுதிவிட்டால் இந்தச் செய்தி மறைந்துபோகும். 1950இல் உச்ச நீதிமன்றம் தொடங்கி 39 ஆண்டுகள் வரை அங்கே ஒரு பெண் நீதிபதிகூட இல்லை என்பதையும் அந்த ஐந்து மாத இடைவெளியையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால், அந்த நியமனம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கும்.

பதவிக்கு முந்தைய வாழ்க்கை

ஆளுநரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை ராஜ்பவன் வாசலில் தொடங்குகின்றன. இது தலைகீழான கணக்கு. பாத்திமா பீவி நீதித்துறையோடு 42 ஆண்டுகள் வாழ்ந்தார். கிண்டி ஆளுநர் மாளிகையில் நாலரை ஆண்டுகள் இருந்தார். ஆளுநர் பதவிக்கு வருபவர் நீதிபதியாகவோ, அரசியல்வாதியாகவோ, காவல்துறை அதிகாரியாகவோ ஒரு முழு வாழ்க்கையை முடித்துக்கொண்டு வருகிறார். அந்த வாழ்க்கையில் படிந்த பழக்கங்கள்தாம் பிற்பாடு அவர் எடுக்கும் முடிவுகளில் வெளிப்படும்.

பாத்திமா பீவி திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிவியல் பட்டம் பெற்றவர். மேற்கொண்டு அறிவியலே படித்து ஆசிரியப் பணிக்குச் சென்றிருக்கக்கூடும். அந்தக் காலத்தில் படித்த பெண்களுக்கு அதுதான் திறந்திருந்த வழி. மகள் சட்டம் படிக்க வேண்டும் என்று விரும்பியவர் தந்தை. அவர் கண்முன் இருந்த எடுத்துக்காட்டு அன்னா சாண்டி. 1937இல் திருவிதாங்கூரில் முன்சீப்பாக நியமிக்கப்பட்டு, 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானவர் அவர். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண். பத்தனம்திட்டா போன்ற ஒரு சிற்றூரில், அரசு ஊழியரான ஒரு தந்தை தம் மகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பும் துணிவை அன்னா சாண்டியின் நியமனத்திலிருந்து பெற்றார் என்பதை எழுதும்போது, ஒரு தலைமுறைப் பெண்களின் கதையும் சேர்ந்தே வந்துவிடும். 1950இல் நடந்த வழக்கறிஞர் கழகத் தேர்வில் பாத்திமா பீவி முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வாங்கினார். தொழிலைக் கொல்லத்துக் கீழமை நீதிமன்றங்களில் தொடங்கினார்.

நீதிபதியாக இருந்தவரைப் பற்றி எழுதும்போது அவர் எழுதிய தீர்ப்புகளில் ஒன்றையாவது முழுமையாகப் படித்துவிட வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கர்நாடகத்தின் ஒரு குடிசைப் பகுதி தொடர்பாக 1991இல் பாத்திமா பீவி எழுதிய தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். ஓரிடத்தைக் குடிசைப் பகுதி என அறிவித்த அரசு, பிற்பாடு அந்த அறிவிப்பை விலக்கிக்கொள்ளும்போது, அங்கே வாழும் மக்களின் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று எழுதிய நீதிபதி, எட்டு ஆண்டுகள் கழித்து ஆளுநராக, கேட்டிருக்க வேண்டிய அமைச்சரவையைக் கேட்காமல் முடிவெடுத்து, அந்த ஆணை உயர் நீதிமன்றத்தில் ரத்தாவதைக் காணப் போகிறார். இப்படிப்பட்ட முரண்கள் தேடினால் கிடைப்பவை அல்ல; மூல ஆவணங்களைப் பொறுமையாகப் படிப்பவர் கண்ணில் மட்டும் படுபவை.

இங்கே ‘முதல்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலாமவர்களைத் தேடும் ஆசை நம் எழுத்தில் அதிகம். பாத்திமா பீவி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்பதும், தமிழ்நாட்டின் முதல் பெண் ஆளுநர் என்பதும் உறுதியானவை. இந்தியாவின் முதல் பெண் ஆளுநர் அவர் அல்லர். 1947இலேயே சரோஜினி நாயுடு ஐக்கிய மாகாணத்தின் (இன்றைய உத்தரப் பிரதேசம்) ஆளுநராகிவிட்டார். ஆசியாவிலேயே முதல், உலகிலேயே முதல் என்றெல்லாம் நீளும் வரிகளை, சரிபார்க்க வழியில்லாத பட்சத்தில், தயங்காமல் வெட்டிவிடுங்கள். உறுதியான இரண்டு முதன்மைகள் ஒரு வாழ்க்கைக்குப் போதும்.

நியமனத்தை எழுதும் முறை

ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்று எழுதுவது சட்டப்படி சரி. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. நியமனத்தின்போது மத்தியில் எந்த அரசு இருந்தது, மாநிலத்தில் யார் முதலமைச்சர், முந்தைய ஆளுநர் எப்படி விலகினார் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1996 டிசம்பர் 2 அன்று தமிழ்நாட்டு ஆளுநர் சென்னா ரெட்டி பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆந்திர ஆளுநர் கிருஷண் காந்த் சில வாரங்கள் கூடுதல் பொறுப்பாகத் தமிழ்நாட்டையும் கவனித்துக்கொண்டார். மத்தியில் தேவ கவுடா தலைமையிலான ஐக்கிய முன்னணி அரசு இருந்தது, அதில் தி.மு.க. அங்கம் வகித்தது. மாநிலத்தில் மு. கருணாநிதி முதலமைச்சர். இந்தச் சூழலில் 1997 ஜனவரி 25 அன்று பாத்திமா பீவி பொறுப்பேற்றார். தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவராக இருந்த அவருக்கு அப்போது வயது 69. அதே நாளில் கேரளத்துக்கும் ஓர் ஓய்வு பெற்ற நீதிபதியே ஆளுநரானார்.

ஆளுநராக வருபவர் வெளி மாநிலத்தவராகவும், அண்மைக் காலத்தில் தீவிர அரசியலில் ஈடுபடாதவராகவும் இருக்க வேண்டும் என்று 1988இல் சர்க்காரியா ஆணையம் பரிந்துரைத்திருந்தது. பாத்திமா பீவியின் நியமனம் அந்த அளவுகோலுக்கு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தியது. நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் இப்படிப்பட்ட பதவிகளை ஏற்கலாமா என்ற விவாதம் வேறு. 2014இல் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் தலைமை நீதிபதி ப. சதாசிவம் கேரள ஆளுநரானபோது அது பெரிதாக வெடித்தது. அந்த விவாதத்தை 1997ஆம் ஆண்டுக் கதைக்குள் இழுத்து வந்து, அன்று எழாத கேள்விகளை எழுந்ததாகக் காட்டக் கூடாது.

பதவிக் காலம்: யாருடைய முடிவு?

இனி கட்டுரையின் நடுப்பகுதி. ஆளுநரின் செயல்களை இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுங்கள். அமைச்சரவையின் அறிவுரைப்படி செய்தவை முதல் கூடை. சட்டமன்றத்தில் ஆற்றும் ஆளுநர் உரை, மசோதாக்களுக்கு வழக்கமாக அளிக்கும் ஒப்புதல், அவசரச் சட்டங்கள், அரசாணைகள் எல்லாம் இதில் சேரும். ஆளுநர் உரையில் ‘இந்த அரசு’ என்று வரும் ஒவ்வொரு வாக்கியமும் அமைச்சரவை எழுதிக் கொடுத்தது. அதை ஆளுநரின் கருத்தாக மேற்கோள் காட்டுவது பிழை. தம் பொறுப்பில் முடிவெடுத்தவை இரண்டாம் கூடை. பெரும்பான்மை பெற்ற கட்சித் தலைவரை ஆட்சியமைக்க அழைப்பதும், குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்புவதும் அதில் வரும். வேந்தர் என்ற முறையில் பல்கலைக்கழகங்களில் செய்பவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். முதல் கூடையை இரண்டு பத்திகளில் முடித்துவிடலாம். கட்டுரையின் உயிர் இரண்டாம் கூடையில் இருக்கிறது. சில செயல்கள் எந்தக் கூடையைச் சேர்ந்தவை என்பதிலேயே தகராறு எழும். அங்கேதான் நின்று எழுத வேண்டும்.

முதல் தகராறு 1999இல் எழுந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் மரண தண்டனையை 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நால்வரும் அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்கீழ் ஆளுநருக்குக் கருணை மனு அளித்தனர். அக்டோபர் 27 அன்று ஆளுநர் அவற்றை நிராகரித்தார். அமைச்சரவையின் அறிவுரையைப் பெறாமலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டிருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கருணை அதிகாரம் ஆளுநரின் சொந்த அதிகாரம் அன்று, அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே மாரு ராம் வழக்கில் வகுத்திருந்தது. அந்த வழியில், 1999 நவம்பர் 25 அன்று உயர் நீதிமன்றம் ஆளுநரின் ஆணையை ரத்து செய்து, அமைச்சரவையின் அறிவுரையோடு புதிதாக முடிவெடுக்கச் சொன்னது. 2000 ஏப்ரலில் கருணாநிதி தலைமையிலான அமைச்சரவை கூடி, நளினியின் தண்டனையை மட்டும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஏப்ரல் 24 அன்று ஆளுநர் அவ்வாறே ஆணையிட்டார்.

இதை எழுதும்போது பலரும் செய்யும் பிழை, ‘நளினியின் தண்டனையைக் குறைத்தவர் பாத்திமா பீவி’ என்று பாராட்டாகவோ, ‘நால்வரின் மனுவை நிராகரித்தவர்’ என்று குற்றச்சாட்டாகவோ ஒரே வரியில் முடித்துவிடுவது. நிகழ்ந்தவை இரண்டு ஆணைகள். கையெழுத்து இரண்டிலும் அவருடையதே. முதலாவது அவர் முடிவு. அதனாலேயே அது செல்லாமல் போனது. இரண்டாவது அமைச்சரவையின் முடிவு. அதனாலேயே அது செல்லுபடியானது. ஆளுநர் பதவியின் இயல்பை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இணை எனக்குத் தெரிந்து வேறில்லை. எனவே இதற்கு ஒரு முழுப் பத்தியை ஒதுக்கத் தயங்காதீர்கள். இதே 161ஆம் பிரிவு பேரறிவாளன் வழக்கில் திரும்பவும் விவாதத்துக்கு வந்து, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதை வேண்டுமானால் ஒரு வரியில் தொட்டுச் செல்லலாம். அதற்கு மேல் போனால் அது வேறொருவரின் கதையாகிவிடும்.

இரண்டாவது தகராறு 2001 மே மாதத்தில் எழுந்தது. டான்சி (மாநில அரசின் சிறுதொழில் நிறுவனம்) நில வழக்கில் 2000 அக்டோபரில் தண்டிக்கப்பட்டிருந்த ஜெயலலிதா, 2001 சட்டமன்றத் தேர்தலில் 4 தொகுதிகளில் வேட்புமனு தாக்கல் செய்தார், நான்கும் நிராகரிக்கப்பட்டன. ஆனால் அவர் தலைமையேற்ற அ.தி.மு.க. 234 இடங்களில் தனித்தே 132 இடங்களை வென்றது. சட்டமன்றக் கட்சி அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மே 14 அன்று ஆளுநர் அவருக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். உறுப்பினராக இல்லாதவரும் 6 மாதங்கள் வரை அமைச்சராக இருக்கலாம் என்னும் 164ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இதற்குத் துணையாகக் காட்டப்பட்டது.

இந்த முடிவை விமர்சிப்பதற்கு முன், அந்த நாளில் ஆளுநரின் மேசையில் இருந்த இரண்டு தாள்களைக் கற்பனை செய்து பாருங்கள். ஒன்று, தெளிவான பெரும்பான்மை பெற்ற கட்சி ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த தலைவரின் கடிதம். மற்றொன்று, அந்தத் தலைவர் தேர்தலில் போட்டியிடவே தகுதியற்றவர் என்ற தேர்தல் அதிகாரிகளின் ஆணை. மக்கள் தீர்ப்பை மதிப்பதா, தகுதியின்மையைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு நேரடியான முன்னுதாரணத் தீர்ப்பு அப்போது இல்லை. பாத்திமா பீவி முதல் தாளைத் தேர்ந்தெடுத்தார். அந்த நியமனத்தை எதிர்த்து, எந்த உரிமையின் பேரில் இந்தப் பதவியில் இருக்கிறீர்கள் என்று பதவியில் இருப்பவரைக் கேட்கும் வகையிலான வழக்கு தொடுக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 21 அன்று நீதிபதி பரூச்சா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பி.ஆர். கபூர் வழக்கில், நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டமன்ற உறுப்பினராவதற்கே தகுதியிழந்த ஒருவரை 6 மாதச் சலுகையைக் காட்டி முதலமைச்சராக்க முடியாது என்பதும், பெரும்பான்மையின் விருப்பம் அரசமைப்புச் சட்டத்தை மீற முடியாது என்பதும் அதன் சாரம். அன்றே ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார்.

நான் இப்படி எழுதுவேன்: அவருடைய முடிவு தவறானது என உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது, அதை மழுப்பக் கூடாது. ஆனால் செப்டம்பரில் பிறந்த தெளிவை மே மாதத்து மேசையின் மீது வைத்து அவரை அளக்கவும் கூடாது. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த ஒருவருக்கு இது புரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதையும் ஒரு வாக்கியத்தில் பதிவு செய்யுங்கள். மற்றொன்றையும் மறக்க வேண்டாம். பிற்பாடு 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை அந்த வழக்கில் விடுவித்தது. 2002 மார்ச் மாதம் அவர் மீண்டும் முதலமைச்சரானார். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும். ஆளுநரின் முடிவை நியாயப்படுத்துவதற்காகச் சொன்னால் சட்டத்தைத் திரித்ததாகும்.

சொல்லப்படாத இடங்கள்

குடியரசுத் தலைவருக்கு ஆளுநர்கள் அனுப்பும் அறிக்கைகள் பொதுவாக வெளியாவதில்லை. 1998இல் தி.மு.க. அரசைக் கலைக்க வேண்டும் என்று அன்றைய மத்தியக் கூட்டணியில் இருந்த அ.தி.மு.க. வற்புறுத்தியது, அரசு கலைக்கப்படவில்லை. ‘ஆளுநர் மறுத்ததால்தான் தப்பியது’ என்று எழுதுவதற்குக் கை துறுதுறுக்கும். ஆவணம் இல்லாமல் எழுதாதீர்கள். 1991 ஜனவரியில் நிலைமை வேறாக இருந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்ததும், அறிக்கை இல்லாமலே தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதும், பீகாருக்கு மாற்றப்பட்ட அவர் பதவி விலகியதும் வெளிப்படையான வரலாறு. ஒருவருக்குக் கிடைத்த பெருமையை, ஆவணமில்லாத இன்னொருவருக்கும் தாராளமாக வழங்கிவிடக் கூடாது.

விலகலை எழுதும் முறை

மூன்றாவது தகராறு ஆளுநரின் பதவியையே கொண்டுபோயிற்று. 2001 ஜூன் 30 அதிகாலையில் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி அவர் வீட்டில் கைது செய்யப்பட்டார். மத்திய அமைச்சர்கள் முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் அன்று கைதாயினர். தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகளை நாடே பார்த்தது. ஆளுநர் தம் கடமையைச் செய்யத் தவறிவிட்டார் என்று கருதிய வாஜ்பாய் அமைச்சரவை, அவரைத் திரும்ப அழைக்கக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்க ஜூலை 1 அன்று முடிவு செய்தது. அதே நாளில் அவர் விலகல் கடிதம் அனுப்பினார். ஆந்திர ஆளுநர் சி. ரங்கராஜன் கூடுதல் பொறுப்பை ஏற்றது ஜூலை 3 அன்று.

இதனால்தான் சில பட்டியல்களில் அவருடைய பதவிக் காலம் ஜூலை 1 வரை என்றும், வேறு சிலவற்றில் ஜூலை 3 வரை என்றும் இருக்கும். ‘ஜூலை 1 அன்று விலகல் கடிதம் அளித்தார், ஜூலை 3 அன்று பொறுப்பு கைமாறியது’ என்று இரண்டையும் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ‘பதவி நீக்கப்பட்டார்’ என்று எழுதுவது தவறு. ‘தாமாக முன்வந்து விலகினார்’ என்று மட்டும் எழுதுவது அரை உண்மை. குடியரசுத் தலைவர் விரும்பும் வரையில் ஆளுநர் பதவியில் இருப்பார் என்கிறது 156ஆம் பிரிவு. அந்த விருப்பத்தைத் தகுந்த காரணமின்றி விலக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் பி.பி. சிங்கால் வழக்கில் சொன்னது 2010இல்தான். 2001இல் அந்தப் பாதுகாப்பு வகுத்துச் சொல்லப்பட்டிருக்கவில்லை.

எங்கே தேடுவது

உச்ச நீதிமன்ற இணையதளத்தில் முன்னாள் நீதிபதிகள் பக்கத்தில் நீதித்துறைத் தேதிகள் கிடைக்கும். ஆளுநர் மாளிகை இணையதளத்தின் பட்டியலைப் பதவிக் காலத்துக்குப் பார்க்கலாம். பழைய நாளிதழ்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம் உதவும். இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் முயலலாம். நாளிதழைப் பார்க்கும்போது நிகழ்ந்த நாளின் இதழோடு நிறுத்தாமல், அடுத்த இரண்டு வாரங்களையும் புரட்டுங்கள். மறுப்பும் விளக்கமும் பெரும்பாலும் அங்கேதான் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும். 1999, 2001 போன்ற சூடான ஆண்டுகளுக்கு எதிரெதிர் அரசியல் சாய்வுள்ள இரண்டு நாளிதழ்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிப்பது நல்லது. நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்கும் இடத்தில், நாளிதழின் சுருக்கத்தை நம்ப வேண்டியதில்லை. தீர்ப்பின் முதல் சில பத்திகளில் நிகழ்வுகளின் வரிசை தேதியோடு தரப்பட்டிருக்கும்.

கடைசிப் பத்தி

பாத்திமா பீவி பதவி விலகிய பின் கேரளத்துக்குத் திரும்பி, ஆரவாரமில்லாமல் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 2023 நவம்பர் 23 அன்று, தாம் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய அதே கொல்லத்தில், 96ஆம் வயதில் காலமானார். 2024 ஜனவரி 25 அன்று அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. சரியாக 27 ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் அவர் கிண்டியில் பொறுப்பேற்றார். ‘பத்மபூஷண் பெற்றார்’ என்று எழுதிவிடாதீர்கள். விருதைப் பெற அவர் உயிரோடு இல்லை. மறைவுக்குப் பின் பொதுவாழ்வுப் பிரிவில் வழங்கப்பட்டது என்று எழுதி, தேதியையும் சேர்த்து, உங்கள் கட்டுரையை அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.